ஜன்னல் சீட்டு ரத்தினபாய்

ரத்தினபாய்க்கு ஆபீஸ் வடக்கே, கோட்டை ஸ்டேஷன் பக்கத்தில். வீடு தெற்கே, தாம்பரம் சானடோரியத்தில். ஆனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதும் அவர் ஏறுவது இன்னும் தெற்கே போகிற வண்டியில். விஷயம் தெரியாதவர்கள் பார்த்தால், அம்மாவுக்கு ஏதோ ஞாபகப் பிசகு என்று நினைப்பார்கள். பிசகெல்லாம் ஒன்றும் கிடையாது. கடற்கரையிலிருந்து வருகிற மின்சார ரயில் தாம்பரத்தோடு முடிந்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, மறுபடி கடற்கரைக்கே திரும்பும். தாம்பரத்தில் அது நின்ற மறு நிமிஷம் ஒரு பட்டாளம் உள்ளே பாயும். திரும்புகிற வண்டி சானடோரியத்துக்கு வரும்போது உட்காருவது இருக்கட்டும், ஒரு காலை ஊன்றினால் அடுத்த காலுக்கு இடம் இருக்காது. அதனால் விவரமானவர்கள் குரோம்பேட்டையிலும் சானடோரியத்திலும் காற்றாட வருகிற தாம்பரம் வண்டியில் ஏறி, நல்ல சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, தாம்பரம் வரைக்கும் போய், இறங்காமல் அப்படியே திரும்பி வருவார்கள். அந்த விவரமானவர்களுக்கெல்லாம் மூத்தவர் ரத்தினபாய்.

சீட்டு என்றால் ஏதோ ஒரு சீட்டு அல்ல. காலையில் வெயில் கிழக்கே அடிக்கும், ஆகவே மேற்குப் பக்கம். காற்று முகத்தில் படவேண்டும், ஆகவே வடக்கே பார்த்த ஜன்னல் சீட்டு. மகளிர் பெட்டியில் இந்த லட்சணங்கள் பொருந்திய சீட்டுகள் கொஞ்சம்தான். அதில் ஒன்றின் மேல் தினமும் ஒரு பூப்போட்ட கைக்குட்டை கிடக்கும். அதைப் போடுகிறவர் லோகநாயகி. ரத்தினபாயின் ஆபீஸ் சினேகிதி. குரோம்பேட்டைக்காரர். தாம்பரம் வண்டி முதலில் குரோம்பேட்டைக்கும் அப்புறம்தான் சானடோரியத்துக்கும் வரும் என்பதால், இந்தக் கைக்குட்டை உத்தியோகம் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து லோகநாயகிக்குத்தான்.

"ஏங்க, உங்க சீசன் டிக்கெட் சானடோரியத்துலேர்ந்துதானே? தாம்பரம் வரைக்கும் போறதுக்கு?" என்று புதிதாக வந்தவர்கள் யாராவது எப்போதாவது கேட்டுத் தொலைப்பார்கள்.

"நான் தாம்பரத்துல இறங்கறதே இல்லையே. இறங்கினாதானே அதுக்குப் பேரு பயணம்?" என்பார் ரத்தினபாய்.

இத்தனைக்கும் அவர் கறாரான ஆள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மணி அடிக்கும் முன்பே முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். காய்கறிக்காரன் தவறிப்போய் ஒரு வெங்காயம் கூடுதலாகப் போட்டாலும் திருப்பிக் கொடுப்பார். சானடோரியத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தத் துண்டுத் தண்டவாளம் மட்டும் அவர் மனசாட்சியின் எல்லைக்கு வெளியே இருந்தது.

வண்டியோடு அவருக்கு இருந்த உறவு அப்படி. பொழிச்சலூர் வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீடு வாங்கப் போனபோது, கணக்கு வாத்தியாரான கணவர் வில்பிரட் தண்ணீர் வருமா, பத்திரம் சரியா என்று பார்த்தார். ரத்தினபாய் மொட்டை மாடிக்குப் போய் ரயில் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, "இதுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். மகன் டெனிஸ் வயிற்றில் இருந்தபோது சைதாப்பேட்டை தாண்டியதும் வலி எடுத்து, பெட்டியே கைத்தாங்கலாக எழும்பூரில் இறக்கியது. அந்த வலியிலும் "என் சீட்டுல லோகா உக்காரட்டும், வேற யாரையும் விட்டுடாதீங்க" என்று உத்தரவு போட்டுவிட்டுத்தான் இறங்கினார் என்று ஒரு கதை உண்டு. கதையைக் கிளப்பியதே லோகநாயகி என்பதால் பாதிதான் நம்பலாம்.

இத்தனை வருஷம் ஒரே ஜன்னலில் உட்கார்ந்து பார்த்ததில் ரத்தினபாய்க்கு ஒரு ஞானம் பிறந்திருந்தது. "ஒருத்தரைத் தெரிஞ்சுக்கணும்னா அவங்க வீட்டுக்குப் போகாத. வீட்டுல எல்லாரும் நல்லவங்கதான். வண்டியில பாரு" என்பது அது. மூன்று பேர் உட்காருகிற பெஞ்சில் நாலாவது ஆள் வந்தால் ஒருத்தி எப்படி நகர்கிறாள் என்பதை வைத்தே அவள் குணத்தைச் சொல்லிவிடுவார். சிணுங்கி நகர்கிறவள், நகர்வது மாதிரி உடம்பை ஆட்டிவிட்டு அங்கேயே இருப்பவள், மடியிலிருக்கிற பையைக் கீழே வைத்து இடம் பண்ணிக் கொடுப்பவள் என்று ஜாதி பிரித்து வைத்திருந்தார்.

ஞானத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. டெனிஸுக்குப் பெண் பார்க்கிற காரியத்தில் அதை இறக்கினார். வரன் வந்ததும் பெண்ணின் அம்மாவிடம் பேச்சுவாக்கில், "பொண்ணு வேலைக்கு எந்த வண்டில போறா?" என்று கேட்டு வைத்துக்கொள்வார். ஒருநாள் அந்த வண்டியில் ஏறி, பெண்ணுக்குத் தெரியாமல் எதிரே உட்கார்ந்து பார்ப்பார். கோவிலம்பாக்கத்துப் பெண் பல்லாவரத்தில் ஏறி எதிர் சீட்டில் செருப்புக் காலை நீட்டினாள். போச்சு. இன்னொருத்தி தன் அண்ணியைப் பற்றிப் போனில் பேசினாள், அதுவும் ஸ்பீக்கரில். மாம்பலம் வருவதற்குள் அந்த அண்ணியைப் பெட்டியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. போச்சு. வேறொருத்தி வயிற்றுப் பிள்ளைக்காரி வந்து நின்றதும் சட்டென்று கண்ணை மூடித் தூங்கிப்போனாள். இந்த ஒன்றில் மட்டும் ரத்தினபாயைக் குறை சொல்ல முடியாது.

வேண்டாம் என்பதற்குக் காரணம் கேட்டால் ஒரே பதில்தான். "ஜெபிச்சுப் பார்த்தேன். மனசுல சமாதானம் இல்ல." இதற்குமேல் போதகரே வந்தாலும் வாய் திறக்க முடியாது. ஆண்டவரிடம் போய், ஏன் சமாதானம் தரவில்லை என்று யார் கேட்பது?

இப்படியே டெனிஸுக்கு முப்பது தாண்டி, முன்னந்தலை முடி பின்வாங்க ஆரம்பித்தது. அந்த நேரத்தில்தான் போதகர் வீட்டம்மா ஜென்சியின் வரனைக் கொண்டுவந்தார். பம்மல் ஏசுபாதத்தின் மகள். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். டெனிஸ் அவளை ஒரு காபிக் கடையில் பார்த்துப் பேசினான். அப்புறம் இன்னொரு முறை பார்த்துப் பேசினான். அப்புறம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். ஒருநாள் அம்மாவின் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, எனக்கு ஜென்சியைப் பிடிச்சிருக்கு. அவளுக்கும் பிடிச்சிருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போறோம். இந்தத் தடவை நீங்க ஜெபிக்க வேணாம். நானே ஜெபிச்சுட்டேன்."

பிள்ளை இப்படிக் கேட்பது அதுதான் முதல் தடவை. ரத்தினபாய்க்கு நெஞ்சு இளகிவிட்டது. "சரிப்பா" என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் ரயிலிலேயே வேலை பார்க்கிற பெண்ணை ரயிலில் வைத்துப் பார்க்காமல் விடுவது எப்படி? அது அவரால் ஆகிற காரியமா? இன்னும் இரண்டு நாளில் ஜென்சிக்குத் தாம்பரத்தில் மகளிர் பெட்டி டூட்டி ஆரம்பம் என்று டெனிஸே உளறி வைத்திருந்தான்.

மறுநாள் வண்டியில் லோகநாயகியிடம் திட்டத்தை விரித்தார்.

"லோகா, நாளைக்கு அவ நம்ம பெட்டிக்கு வருவா. டிக்கெட் கேப்பா. நீ சீசனை வீட்டுல மறந்துட்டு வந்த மாதிரி நடி. என்ன பண்றான்னு பார்ப்போம். காசு வாங்கிப் பையில போட்டுக்கிட்டு விட்டாள்னா, கை சுத்தமில்ல. சத்தம் போட்டாள்னா, வாய் சுத்தமில்ல. சும்மா விட்டுட்டாள்னா, முதுகெலும்பே இல்ல."

"அப்போ அந்தப் பொண்ணு பாஸாக வழியே இல்லையா ரத்னா?"

"அது அவ பாடு."

ஜென்சி ரத்தினபாயை நேரில் பார்த்ததில்லை. இருந்தாலும் போட்டோ ஏதாவது பார்த்திருக்கக்கூடும் என்று, லோகநாயகியின் மகள் மாளவிகாவின் சுடிதார் ஒன்று இரவல் வந்தது. ஆயுசில் முதல் முறையாகச் சுடிதார், அதன்மேல் கறுப்புக் கண்ணாடி, வாய்க்கு மாஸ்க். காலையில் இந்தக் கோலத்தில் ஹாலுக்கு வந்தவரை வில்பிரட் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரும்மா வேணும்? ரத்னா உள்ள குளிச்சிக்கிட்டு இருக்கா."

"நான்தாங்க."

வில்பிரட் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். நீண்ட தாம்பத்தியத்தில் சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பதுதான் உத்தமம் என்பது கணக்கு வாத்தியாருக்குத் தெரியும்.

தாம்பரத்தில் வண்டி நின்றது. கூட்டம் பாய்ந்தது. அந்தக் கூட்டத்தின் வாலில் கறுப்புக் கோட்டும் ஒற்றைப் பின்னலுமாக ஜென்சி வந்தாள். முன்னால் நின்ற வயதான அம்மாவின் கூடையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, அப்புறம்தான் ஏறினாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ரத்தினபாய் அப்போதே கொஞ்சம் மார்க் போட்டுவிட்டார்.

"டிக்கெட் காட்டுங்கம்மா."

"அய்யய்யோ! சீசனை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேனே!" லோகநாயகி தேவைக்கு மேலேயே நடித்தார். நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் பக்கத்துப் பெட்டிக்குக் கேட்டிருக்கும்.

ஜென்சி நிதானமாகக் கேட்டாள். "பரவாயில்லம்மா, பதறாதீங்க. வீடு எங்க?"

"குரோம்பேட்டை."

"சீசன் எங்கேர்ந்து எதுவரைக்கும்?"

"குரோம்பேட்டைலேர்ந்து கோட்டைக்கு."

"சரி. அப்போ தாம்பரத்துல என்ன பண்றீங்க?"

இந்தக் கேள்விக்கு யாரும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. சீசனை மறந்ததாக நடிப்பதெல்லாம் சரி, மறக்காமல் கையிலேயே வைத்திருந்தாலும் தாம்பரத்தில் அது செல்லாது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. வருஷக்கணக்காகத் தினமும் செய்கிற தப்பு. அது தப்பு என்பதே மறந்துபோயிருந்தது.

லோகநாயகி திரும்பி ரத்தினபாயைப் பார்த்தார். ரத்தினபாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிளாட்பாரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அதை உற்று உற்றுப் பார்த்தார். லோகநாயகி மறுபடி பார்த்தார். ரத்தினபாயின் கண் குழாயை விட்டு நகரவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் தன் வேஷம் கலையும், வேஷம் கலைந்தால் டெனிஸின் சம்பந்தம் கலையும் என்று பயம். பயந்தவருக்குப் பக்கத்தில் இருப்பவர் தெரியவில்லை.

லோகநாயகி காட்டிக்கொடுக்கவில்லை. பெட்டியே வேடிக்கை பார்க்க, பர்ஸிலிருந்து ஒவ்வொரு நோட்டாக எண்ணி அபராதத்தைக் கட்டினார்.

"இன்னாமா நீ, ரெண்டே ரெண்டு டேசன். வயசானவங்கள போட்டு பேஜார் பண்ணிக்கினு கீற, வுடேன்" என்றார் கூடைக்கார அம்மா.

"எல்லாருக்கும் ஒரே ரூல்தாங்க்கா. இவங்கள விட்டா உங்ககிட்ட நாளைக்கு எப்படிக் கேப்பேன்?" என்ற ஜென்சி ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். பிறகு தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து லோகநாயகியிடம் நீட்டினாள். "குடிங்கம்மா. வேர்த்துருச்சு பாருங்க."

ரத்தினபாய்க்கு உள்ளுக்குள் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. கை சுத்தம், வாய் சுத்தம், முதுகெலும்பும் இருக்கிறது. வழியே இல்லாத பரீட்சையில் வழி கண்டுபிடித்துப் பாஸாகிவிட்டாளே! அந்தச் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் குரல் கேட்டது.

"மேடம், உங்க டிக்கெட்?"

ரத்தினபாய் சீசனைப் பிளாஸ்டிக் உறையோடு எடுத்துக் கம்பீரமாக நீட்டினார்.

"சானடோரியத்துலேர்ந்து போட்டிருக்கு. இது தாம்பரம் மேடம்."

"நான் இறங்கவே இல்லையே!" சித்தாந்தம் தானாகவே வாயில் வந்துவிட்டது.

"அதுதான் மேடம் பிரச்சினையே. இங்கேர்ந்து டிக்கெட் எடுத்தவங்க எல்லாம் நிக்கிறாங்க பாருங்க." ஜென்சி பேனாவைத் திறந்தாள். "பேரு சொல்லுங்க."

ரத்தினபாய் என்று சொல்ல முடியாது. அவசரத்தில் வேறு பெயரைத் தேடினார். ஆபீஸில் போன வாரம் பிரிவு உபசாரம் நடந்த மேலதிகாரி ஒருவரின் பெயர் நாக்கில் வந்து நின்றது.

"அபிதகுஜாம்பாள்."

லோகநாயகிக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. ஜென்சியின் பார்வை ரத்தினபாயின் கழுத்தில் தொங்கிய சிலுவைக்குப் போனது. அங்கிருந்து தன் கையிலிருந்த பிளாஸ்டிக் உறைக்குப் போனது. சீசனுக்குப் பின்னால், போட்டோ ஒட்டிய அடையாள அட்டை இருந்தது. அதில் பெயரும் இருந்தது. சொன்ன பெயரையே எழுதி அபராதத்தை வாங்கிக்கொண்டு, ரசீதையும் உறையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனாள். அங்கே தாம்பரத்தில் டிக்கெட் எடுத்தவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற விவரமானவர்கள் எல்லாம் அந்தப் பக்கத்துக் கதவு வழியாக எப்போதோ இறங்கிவிட்டிருந்தார்கள்.

வண்டி கிளம்பியதும் லோகநாயகி எழுந்து பெட்டியின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டார். கோட்டை வரைக்கும் நின்றே வந்தார். மதியம் சாப்பாட்டு நேரத்திலும் வரவில்லை. ரத்தினபாய் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தார். மருமகள் கிடைத்த குஷியில் சாயங்காலம் வழியில் அல்வா வேறு வாங்கிக்கொண்டு போனார்.

டெனிஸ் வந்தான். ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தான்.

"போதகர் வீட்டம்மா போன் பண்ணாங்க. ஞாயித்துக்கிழமை வர வேண்டாமாம். ஜென்சி ஜெபிச்சுப் பார்த்தாளாம். மனசுல சமாதானம் இல்லையாம்."

ரத்தினபாய் அல்வாப் பொட்டலத்தோடு அப்படியே நின்றார். எத்தனை வீட்டுக்கு அவர் அனுப்பிய பதில்! வாங்கிக்கொள்ளும்போது இப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நான் அவளுக்கே போன் பண்ணிக் கேட்டேன்" என்றான் டெனிஸ். "அம்மா, அபிதகுஜாம்பாள் யாரு?"

வில்பிரட் பேப்பரைக் கீழே வைத்தார். அந்தப் பேப்பர் அந்த நேரத்தில் கீழே வைக்கப்பட்டதாகச் சரித்திரம் இல்லை.

ரத்தினபாய் எல்லாவற்றையும் சொன்னார். சுடிதார் வரைக்கும் சொன்னார். டெனிஸ் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் சமாளித்திருப்பார். அவன் கத்தவில்லை.

"பொய்ப் பேரு சொன்னது அவளுக்குப் பெரிசா தெரியலம்மா. தினமும் பத்து பேரு பொய்ப் பேருதான் சொல்றாங்களாம். லோகநாயகி ஆன்ட்டி உங்களையே உங்களையே திரும்பிப் பார்த்தாங்களாமே. நீங்க வெளிய பார்த்துட்டு இருந்தீங்களாமே. நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா, இந்த வீட்டுல அவளைத் தெரியாத மாதிரி உக்காந்திருப்பாங்களோன்னு பயமா இருக்குன்னா. நான் என்னம்மா பதில் சொல்றது?"

சொல்லிவிட்டு எழுந்து அறைக்குள் போய்விட்டான். சாப்பிட வரவில்லை.

ரத்தினபாய்க்கு வெட்கமாக இருந்தது. ஊரில் இருக்கிற பெண்களையெல்லாம் வண்டியில் வைத்துப் பார்த்தவர் அவர். தன்னையும் ஒருத்தி வண்டியில் வைத்துப் பார்ப்பாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பார்த்தவள் போட்ட மார்க்கும் தப்பில்லை. லோகநாயகி நோட்டுகளை எண்ணிக் கொடுத்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. பிள்ளையின் ஆசையைத் தானே உடைத்துவிட்டோம் என்பதை நினைத்து அழுதார். வில்பிரட் ஒரு டம்ளர் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் காலையில் ரத்தினபாய் தன் வழக்கமான கஞ்சி போட்ட காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டார். மாஸ்க் இல்லை, கண்ணாடி இல்லை. சானடோரியம் கவுன்ட்டரில் போய், தாம்பரத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டார். வாழ்க்கையில் முதல் முறை.

தாம்பரம் வண்டி வந்தது. ஜன்னல் சீட்டில் கைக்குட்டை இல்லை. அங்கே லோகநாயகியே உட்கார்ந்திருந்தார், புதிதாக எடுத்த டிக்கெட்டைக் கையில் பிடித்து, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு.

"லோகா" என்றார் ரத்தினபாய்.

"யாருங்க? அபிதகுஜாம்பாள் மேடமா?"

"தப்பு என்மேலதான் லோகா. உன்னை மாட்டிவிட்டுட்டு வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன். திட்டு."

"திட்டறதுக்கு நான் யாரு? முன்ன பின்ன பார்த்ததில்லையே நம்ம." லோகநாயகி இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாம்பரம் வந்தது. கூட்டம் ஏறியது. ஜென்சியும் ஏறினாள். ரத்தினபாயைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி, மற்றவர்களிடம் டிக்கெட் கேட்கத் திரும்பினாள். ரத்தினபாய் பெட்டியின் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யார் எங்கே உட்காருவது என்று அந்தப் பெட்டியையே ஆட்டிவைத்தவர் அவர். இப்போது அதே பெட்டிக்கு எதிரே வாயைத் திறந்தார்.

"ஜென்சி, எல்லாரும் கேக்கட்டும்னுதான் சொல்றேன். என் பேரு ரத்தினபாய். நேத்து சொன்னது பொய். இவ லோகநாயகி, என் சினேகிதி. சின்ன வயசுலேர்ந்து ஒண்ணா வேலை பார்க்கிறோம். உன்னைச் சோதிக்கறதுக்கு நான்தான் இவள நடிக்கச் சொன்னேன். இவ மாட்டினப்போ தெரியாதவ மாதிரி வெளிய பார்த்தேன். அதைவிடக் கேவலம் எதுவும் இல்ல. என் பையன் அப்படிப்பட்டவன் இல்லம்மா. அவன் அவங்க அப்பா மாதிரி. நான் பண்ணினதுக்கு அவனைத் தண்டிக்காத."

பெட்டி ஒரு நொடி அமைதியாக இருந்தது. மகளிர் பெட்டியில் ஒரு நொடி என்பது அதிகம். அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள்.

"பையன் எங்க வேலை பாக்கறாரு?"

"பொண்ணு லட்சணமாத்தானே இருக்கு, இதுக்குப் போய் எதுக்கு வேஷம் போட்டீங்க?"

"இன்னாமா யோசிச்சிக்கினே கீற?" என்றார் கூடைக்கார அம்மா. "மாமியாரு இப்டி நாலு பேரு முன்னால வந்து நிக்குமா? எங்க வூட்டுதெல்லாம் செத்தாலும் நிக்காது. ஒத்துக்க."

லோகநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "பையன் தங்கம்மா. நான் தூக்கி வளர்த்தவன். இவளை மட்டும் கொஞ்சம் கவனமா பார்த்துக்கணும்."

ஜென்சியின் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. ரத்தினபாய் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"டிக்கெட்?" என்றாள் ஜென்சி.

ரத்தினபாய் சட்டென்று உயிர்பெற்றார். இதற்குத்தான் தயாராக வந்திருக்கிறாரே! "இந்தா. சானடோரியத்துலேர்ந்து தாம்பரம். இன்னிக்குக் காலைல எடுத்தது."

ஜென்சி வாங்கிப் பார்த்தாள். "இது வந்ததுக்கு. போறதுக்கு?"

"அதுக்குத்தான் சீசன் இருக்கே."

"சீசன் சானடோரியத்துலேர்ந்துதானே ஆரம்பிக்குது? இங்கேர்ந்து சானடோரியம் வரைக்கும் எதுல போவீங்க?"

ரத்தினபாய் சீசனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாம்பரம் வருவது ஒரு பயணம் என்பதை ஒருவழியாக ஒத்துக்கொண்டு டிக்கெட் எடுத்தவருக்கு, திரும்பிப் போவதும் ஒரு பயணம் என்பது தோன்றாமல் போய்விட்டது. பெட்டி கொல்லென்று சிரித்தது. வெளியே வண்டி கிளம்புவதற்கான ஹாரன் அடித்தது.

"வண்டி எடுக்கப் போறாங்க" என்றாள் ஜென்சி. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் உதட்டோரம் லேசாகத் துடித்தது. "இறங்குங்க அத்தை. போய் டிக்கெட் எடுத்துட்டு அடுத்த வண்டில வாங்க."

ரத்தினபாய் மறுபேச்சு பேசாமல் இறங்கினார். இறங்கி இரண்டடி நடந்த பிறகுதான் காதில் விழுந்தது மண்டைக்குள் போய்ச் சேர்ந்தது. திரும்பினார். வண்டி நகர ஆரம்பித்திருந்தது. அந்த ஜன்னல் சீட்டிலிருந்து லோகநாயகி பாதி உடம்பை வெளியே நீட்டாத குறையாகக் கத்திக்கொண்டு போனார்.

"ரத்னா! அத்தைன்னு சொன்னாடி! கேட்டுச்சா?"

கவுன்ட்டரில் வரிசை மாடிப்படி வரைக்கும் வளைந்து நின்றது. ரத்தினபாய் அதன் கடைசியில் போய் நின்றுகொண்டார். ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற பெண் திரும்பி, "ரொம்ப தூரமாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, பக்கத்துல இருக்கிற சானடோரியம்தான்."

"அதுக்குப் போயா இவ்வளவு நேரம் நிக்கிறீங்க? ஷேர் ஆட்டோல போயிடலாமே."

"முடியாதும்மா" என்றார் ரத்தினபாய். "டிக்கெட் எடுத்துட்டுதான் வரணும்னு என் மருமக சொல்லியிருக்கா."